டர்பன் அரசு மருத்துவமனையின் கருக்கலைப்புச் சேவை: ஒரு மதிப்புரை

டர்பன் நகரின் ஓர் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி வழங்கப்படும் கருக்கலைப்புச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். ஆங்கிலமோ ஸூலுவோ பேச வராத தமிழ்ப் பெண்களுக்கு மருத்துவமனைகளிலும் அரசு அலுவலகங்களிலும் மொழிபெயர்ப்பாளராக உடன் செல்வது என் வேலை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்து இறங்கிக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களின் வழிவந்தவர்கள் இன்று வீட்டுக்குள்ளும் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுவதால் அவர்களுக்கு என் துணை தேவைப்படுவதில்லை. என்னை அழைப்பவர்கள் அண்மை ஆண்டுகளில் வந்தவர்கள்: கோயில் குருக்களின் மனைவியர், ஒப்பந்த வேலைக்கு வந்த பொறியாளர்களின் மனைவியர், இலங்கையிலிருந்து வந்து கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள். அவர்களில் சிலரோடு இந்தச் சேவைப் பிரிவுக்குப் போய் வந்த அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. பெண்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன்.

உணவகங்களையும் துணிக்கடைகளையும் பற்றி நம்மவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்தச் சேவையைப் பற்றி இங்குள்ள தமிழர் எவரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் ஒவ்வொரு பெண்ணும் ஒன்றும் தெரியாமல், யாரைக் கேட்பது என்றும் புரியாமல், கைபேசியில் கண்ட விளம்பரங்களை நம்பிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

இச்சேவையை மதிப்பிட வேண்டுமானால், அது என்ன தரக் கடமைப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கருக்கலைப்பை நெறிப்படுத்துவது 1996-ஆம் ஆண்டின் 92-ஆம் எண் சட்டம். 1997 பிப்ரவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கருவுற்ற முதல் 12 வாரங்களுக்குள் பெண் கேட்டாலே போதும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 13 முதல் 20 வாரம் வரை, அவளோடு கலந்து பேசிய மருத்துவர் சட்டம் குறிப்பிடும் சூழல்களுள் ஒன்றேனும் இருப்பதாகக் கருத வேண்டும்: அவளுடைய உடல் அல்லது மன நலத்துக்கு ஆபத்து, கருவுக்குக் கடுமையான குறைபாடு இருக்கும் அபாயம், வன்புணர்வாலோ நெருங்கிய உறவினராலோ ஏற்பட்ட கரு, அல்லது கர்ப்பம் தொடர்ந்தால் அவளுடைய சமூக, பொருளாதார நிலை பெரிதும் பாதிக்கப்படும் என்ற நிலை. 20 வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் இன்னொரு மருத்துவரையோ பதிவு பெற்ற மருத்துவச்சியையோ கலந்த பின், உயிராபத்து போன்ற மிகக் கடுமையான காரணங்களுக்காக மட்டுமே அனுமதி உண்டு. வாரங்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. தன்னறிவோடு முடிவெடுக்கக்கூடிய பெண்ணின் ஒப்புதலைத் தவிர வேறு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணாக இருந்தால் பெற்றோரிடமோ நம்பிக்கையான வேறொருவரிடமோ கலந்து பேசும்படி ஆலோசனை சொல்ல வேண்டும். அவள் மறுத்துவிட்டால் அதற்காகச் சேவையை மறுக்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் இச்சேவையை அரசு நிலையங்களில் இலவசமாக வழங்க வேண்டும் என்கிறது.

நம் பெண்கள் இதை அறிந்து வருவதில்லை. வேறு நாட்டின் சட்டத்தை மனத்தில் சுமந்துகொண்டு வருகிறார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்கள் இதைக் குற்றம் என்றே நினைக்கிறார்கள், ஏனெனில் அங்கே 1883-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்காக அல்லாமல் வேறு எதற்கும் இடம் தருவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கணவரின் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று நம்புகிறார்கள். 1971-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் வயது வந்த பெண்ணின் ஒப்புதலே போதும் என்றுதான் சொல்கிறது. ஆனாலும் அங்குள்ள பல மருத்துவமனைகள் கணவரின் கையெழுத்தைக் கேட்டுக் கேட்டு அதையே சட்டம் போல் ஆக்கிவிட்டன. அந்தச் சட்டம் ஒவ்வொரு கட்டத்திலும் மருத்துவரின் கருத்தை முன்நிறுத்துவது. தென்னாப்பிரிக்கச் சட்டம் முதல் 12 வாரங்களில் முடிவைப் பெண்ணின் கையில் முழுமையாகக் கொடுத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை நான் ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்கிறேன், ஏனெனில் பின்னால் வரும் எல்லாச் சிக்கல்களும் இந்த 12 வாரக் கோட்டில்தான் வந்து நிற்கின்றன.

சேவையின் முதல் படி உங்கள் பகுதியின் அரசு கிளினிக். அங்கே சிறுநீர்ப் பரிசோதனை செய்து, அந்தக் கிளினிக்கிலேயே சேவை இல்லாவிட்டால் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும். நடப்பது எப்போதும் அப்படி இல்லை. நான் உடன் சென்ற ஓர் இளம் தாய், கைக்குழந்தையோடு இருப்பவர், எட்டாவது வாரத்திலேயே கிளினிக்குக் கணவரோடு போயிருந்தார். “இங்கே செய்வதில்லை” என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. எங்கே செய்வார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை, கடிதமும் தரவில்லை. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அவர்கள் வீட்டுக்குள்ளேயே குமைந்துகொண்டிருந்தார்கள். பிறகு கோயிலில் என்னைப் பார்த்தபோது, “அக்கா, இந்த ஊர்ல இதெல்லாம் கூடாதாமே?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். தன் உரிமைகளைப் பற்றிய தகவலைப் பெண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 6-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அந்தக் கிளினிக்கின் சுவரில் தடுப்பூசி அட்டவணை முதல் காசநோய் வரை எல்லாவற்றுக்கும் சுவரொட்டி இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை.

மருத்துவமனையில் பிரிவைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. வழிகாட்டிப் பலகையில் அதன் பெயர் இல்லை. கருக்கலைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி, ஊழியர்கள் அதை ‘டி.ஓ.பி.’ என்ற மூன்று எழுத்துகளால் குறிப்பிடுகிறார்கள்; அந்த எழுத்துகள் தெரியாதவர் விசாரிக்கவும் முடியாது. பதிவு மேசையில் ஃபோல்டர் (நோயாளியின் விவரக் கோப்பு) எழுதும் குமாஸ்தா அந்த எழுத்துகளைக் கூடமே கேட்கும்படி உரக்கச் சொல்லி அழைக்கிறார். காத்திருக்கும் இருக்கைகள் கர்ப்பிணிகளின் பரிசோதனைப் பிரிவோடு பொதுவானவை என்பதால், பிள்ளைப்பேற்றுக்கு வந்தவரும் கருவைக் கலைக்க வந்தவரும் ஒரே பெஞ்சில் தோள் உரசி உட்கார வேண்டியிருக்கிறது. இருவருக்கும் அது வேதனை. ஒரு திரையும் தனியாக நான்கு நாற்காலிகளும் போட்டால் தீரக்கூடிய குறை இது.

குமாஸ்தா கேட்ட இரண்டாவது கேள்வி, “கணவருக்குத் தெரியுமா?” என்பது. கணவர் அங்கேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் அதிகாரம் மேசைக்கு இல்லை. நான் அதை மொழிபெயர்க்காமல், சட்டப்படி இந்தக் கேள்வி தேவையில்லை என்று குமாஸ்தாவிடம் மரியாதையாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பழக்கத்தில் கேட்பதாகச் சொன்னார். கணவருக்குத் தெரியாமல், அல்லது கணவரின் அடிக்குப் பயந்து வந்த பெண் அந்த இடத்தில் திரும்பிப் போய்விடுவாள் என்பதை அந்தப் பழக்கம் யோசிப்பதில்லை.

பிறகு வருவது சந்திப்பு நாள். இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். இப்பிரிவில் பயிற்சி பெற்ற சிஸ்டர்கள் மிகச் சிலரே. ஒரு நாளில் பார்க்கக்கூடிய பெண்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது. வருபவர்களை வரிசைப்படி நாட்குறிப்பில் எழுதி, இடம் கிடைக்கும் நாளுக்கு அழைக்கிறார்கள். கண் புரை அறுவைக்கும் மூட்டு வலிக்கும் இம்முறை பொருந்தலாம். இங்கே காத்திருக்கும் நாள்களில் கரு வளர்கிறது. கரு வளரும்போது அவளுக்குப் பொருந்தும் சட்டப் பிரிவே மாறிவிடுகிறது. 11-ஆம் வாரத்தில் கதவைத் தட்டியவள், காரணம் சொல்லத் தேவையில்லாத உரிமையோடு வந்தவள். அவளுக்குப் 14-ஆம் வாரத்தில் நாள் குறித்தால், அன்று அவள் ஒரு மருத்துவரின் முன் தன் வறுமையையோ மனநிலையையோ விவரித்து, அவர் ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கும் மனுதாரராக நிற்கிறாள். நாடாளுமன்றம் அந்தக் கோட்டைப் 12 வாரத்தில் போட்டது. நாட்குறிப்பு எழுதுபவர் எந்த விவாதமும் இல்லாமல், எவரும் வாக்களிக்காமல், அதைப் 10-க்கோ 9-க்கோ நகர்த்திவிடுகிறார். அவருக்கே அது தெரிவதில்லை என்பது இதன் கொடுமை.

மேலே சொன்ன இளம் தாய்க்கு ஸ்கேன் எடுத்த நாளில் கோட்டைத் தாண்ட சில நாள்களே இருந்தன. அன்றைக்கே சிஸ்டர் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். இன்னொரு பெண்ணுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அவர் பத்தாம் வாரத்தில் முதன்முதலாக மருத்துவமனைக்கு வந்தவர். நாள் கிடைத்தபோது 12 வாரம் கடந்திருந்தது. மாத்திரையை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு முடித்திருக்க வேண்டியவர், வார்டில் சேர்க்கப்பட்டு, மருத்துவரின் கருத்துக்காகக் காத்திருந்து, வலியோடு இரவைக் கழித்தார். மருத்துவர் பொருளாதாரக் காரணத்தை ஏற்றுக்கொண்டார் என்பதால் அது அங்கே முடிந்தது. ஏற்காதவரிடம் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

உள்ளே நடக்கும் சிகிச்சையைப் பற்றி எழுதும்போது என் மனம் நிறைகிறது. கதவு மூடியபின் அந்தச் சிறு அறையில் இருந்த மருத்துவச்சி சிஸ்டர், நான் தென்னாப்பிரிக்காவில் பார்த்த மிகச் சிறந்த அரசு ஊழியர்களில் ஒருவர். ஆலோசனை கட்டாயமாக இருக்கக் கூடாது, ஒரு பக்கமாகத் தள்ளுவதாகவும் இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்வதை அவர் தன் பேச்சில் அப்படியே கடைப்பிடித்தார். கர்ப்பத்தைத் தொடர்வது, குழந்தையைத் தத்துக் கொடுப்பது, கலைப்பது ஆகிய மூன்றையும் ஒரே குரலில், ஒரே நிதானத்தில் விளக்கினார். “இன்று முடிவு செய்ய முடியவில்லை என்றால் போய்விட்டு நாளைக்கு வா, உனக்கு நான் இடம் வைத்திருக்கிறேன்” என்றார். அவர் ஒரு பெண்ணைக்கூட ‘ஏன்’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அழுதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் அவரோடு பேசியபின் கர்ப்பத்தைத் தொடர்வதென்று முடிவெடுத்துப் பக்கத்துப் பிரிவில் பெயர் பதிந்துகொண்டார். அதையும் இச்சேவை ஒழுங்காக நடந்ததற்குச் சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மருத்துவ முறையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆரம்ப வாரங்களில் முதலில் 200 மில்லிகிராம் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரையை சிஸ்டரின் முன்னிலையில் விழுங்கச் செய்கிறார்கள். ஒரு நாள் முதல் இரண்டு நாள் கழித்து வீட்டில் 800 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டாலைக் கன்னத்தின் உள்ளோ நாக்கின் அடியிலோ வைத்துக் கரைய விட வேண்டும். வலிக்கு மாத்திரை தருகிறார்கள். எவ்வளவு இரத்தப்போக்கு இயல்பு, எது ஆபத்து என்பதை சிஸ்டர் எழுதியே கொடுக்கிறார்: தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு நாப்கினுக்கு மேல் நனைந்தாலோ, காய்ச்சல் இறங்காமல் இருந்தாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளை பட்டாலோ, எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். மாத்திரையை விரும்பாதவருக்கும் மாத்திரை பலிக்காதவருக்கும் கையால் இயக்கும் உறிஞ்சு கருவி கொண்டு செய்கிறார்கள். போகும்போது கருத்தடை முறைகளை விளக்கி, வேண்டுமென்றால் அன்றே தருகிறார்கள், வற்புறுத்துவதில்லை. கட்டணமாக ஒரு ரேண்ட் கூட வாங்கவில்லை. சிகிச்சைக்கும் பரிவுக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். தகவலுக்கும் சந்திப்பு நாள் முறைக்கும் ஐந்துக்கு இரண்டைத் தாண்ட மாட்டேன்.

சிஸ்டர்கள் ஏன் இவ்வளவு குறைவு? மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் பொதுச் சுகாதார நிலையங்களில் 7 விழுக்காட்டுக்கும் குறைவானவையே இச்சேவையை வழங்குவதாகச் சொன்னது. பயிற்சியும் பணமும் போதாமை ஒரு காரணம். மனச்சாட்சியின் பேரில் விலகிக்கொள்ளும் ஊழியர்கள் இன்னொரு காரணம். இந்த இரண்டாவதை நான் எளிதாகக் கடந்துவிட விரும்பவில்லை. இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் எனக்கு நெருக்கமான குடும்பங்களில் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கருவைக் கலைப்பது உயிர்க்கொலை என்று அவர்கள் உள்ளத்தின் ஆழத்திலிருந்து நம்புகிறார்கள். கோயிலுக்கு வரும் மூத்த பெண்கள் பலரும் அதை மகாபாவம் என்றே சொல்கிறார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. கருவுக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு மதிப்பு என்பது மனிதர்கள் நேர்மையாக மாறுபடக்கூடிய கேள்வி. அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு அவர்களுடைய மனச்சாட்சியையும் காக்கிறது. ஆனால் விலகும் உரிமை சிகிச்சையை நேரடியாகச் செய்பவருக்கே உரியது. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் இதை விளக்கியிருக்கிறது. விலகுபவர் பெண்ணுக்கு உண்மையான தகவலைச் சொல்லி, செய்யக்கூடியவரிடம் உடனே அனுப்ப வேண்டும். அவசர நிலையில் விலக முடியாது. ஃபோல்டர் எழுதுபவருக்கும் உணவு கொண்டுவருபவருக்கும் இந்த உரிமை இல்லை. “இங்கே செய்வதில்லை” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிய கிளினிக் ஊழியர் தன் மனச்சாட்சியைக் காத்துக்கொண்டார் என்று என்னால் ஏற்க முடியவில்லை. தன் நம்பிக்கையின் செலவை அவர் இன்னொருத்தியின் வாரக் கணக்கில் எழுதிவிட்டார்.

இந்த நாட்டில் இச்சட்டத்தை எதிர்ப்பவர்களுக்கு வழிகள் அடைக்கப்படவில்லை; அவர்கள் எல்லா வழிகளிலும் போயிருக்கிறார்கள், அது எனக்கு நிறைவையே தருகிறது. கிறித்தவ வழக்கறிஞர்கள் சங்கம் 1998-இல், ‘எல்லாருக்கும் வாழும் உரிமை உண்டு’ என்னும் அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவில் கருவும் அடங்கும் என்று வழக்காடியது. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே சங்கம் 2004-இல், பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் சிறுமிகளுக்குக் கருக்கலைப்புக் கூடாது என்று மீண்டும் வழக்காடியது. வயதை அல்ல, புரிந்து ஒப்புதல் தரும் திறனையே சட்டம் அளவுகோலாக்கியிருக்கிறது என்று சொல்லி நீதிமன்றம் அதையும் தள்ளியது. ஆப்பிரிக்கக் கிறித்தவ ஜனநாயகக் கட்சியின் உறுப்பினர் ஷெரிலின் டட்லி 2017-இல், ஸ்கேன் படத்தைக் காட்டும் ஆலோசனை உள்ளிட்ட கட்டுப்பாடுகளைச் சேர்க்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நாடாளுமன்றக் குழு அடுத்த ஆண்டு அதை நிராகரித்தது. வாதம் வைக்கப்பட்டது, பதிலும் சொல்லப்பட்டது.

இவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2006 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. இச்சேவையைப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளோடு பதிவு பெற்ற செவிலியர்களும் வழங்கலாம், 24 மணி நேரப் பிரசவ வசதி உள்ள நிலையங்கள் தனி அனுமதி இல்லாமலே முதல் 12 வாரச் சேவையை நடத்தலாம் என்று 2004-இல் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. பெண்களுக்கு நன்மை செய்யும் திருத்தம். ‘டாக்டர்ஸ் ஃபார் லைஃப்’ என்ற எதிர்ப்பு அமைப்பு, நாடாளுமன்றத்தின் மேலவையான மாகாணங்களின் தேசிய அவை மக்களின் கருத்தைக் கேட்காமல் இதை நிறைவேற்றியது என்று வழக்குப் போட்டது. நீதிபதி சாண்டிலே இங்கோபோ எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அதை ஏற்றுச் சட்டத்தைச் செல்லாது என்றது; குறையைச் சரிசெய்ய நாடாளுமன்றத்துக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்தது. நம் டர்பனைச் சேர்ந்த நீதிபதி ஸாக் யாக்கூப் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர். உரிமையை விரும்பும் பலருக்கு அன்று அது தோல்வியாகத் தோன்றியது. அவை திரும்பவும் மக்களைக் கேட்டது. திருத்தம் 2008-இல் 1-ஆம் எண் சட்டமாக மீண்டும் வந்தது. இன்று அந்தச் சிறு அறைகளில் செவிலியர்கள் மாத்திரை தருவது அந்தச் சட்டத்தால்தான். எதிர்ப்பவரின் பேச்சைக் கேட்க மறுத்து வந்த சட்டமாக இருந்திருந்தால், அதைக் காப்பதற்கு எனக்கு இத்தனை உறுதி இருந்திருக்காது. கேட்டபின் வந்த சட்டம் என்பதாலேயே, அதை வாசல் மேசையில் ஒருவர் தனியாக முறிப்பதைப் பொறுக்க முடியவில்லை.

இதன் முன்கதையை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1996-க்கு முன்பு இருந்தது, வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நாடாளுமன்றம் 1975-இல் இயற்றிய சட்டம். பல மருத்துவர்களின் சான்று கேட்ட அந்த முறையில் சட்டப்படி சேவை பெற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளைப் பெண்கள். கறுப்பினப் பெண்களும் நம் இந்தியப் பெண்களும் கம்பிக்கும் கஷாயத்துக்கும் தள்ளப்பட்டார்கள். என்கோசசானா ஸூமா சுகாதார அமைச்சராக இருந்தபோது இன்றைய சட்டம் வந்தது. 1994-க்கும் 1998–2001 காலத்துக்கும் இடையில் பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் நேர்ந்த தாய் மரணங்கள் 91 விழுக்காடு குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சட்டம் பெண்களைக் காப்பாற்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் இங்கே ஆட்சிமொழி அல்ல. ஆனால் மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாக அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவில் அதன் பெயர் இருக்கிறது. இந்தப் பிரிவில் ஸூலுவிலும் ஆங்கிலத்திலும் துண்டறிக்கை உண்டு. தமிழில் ஒரு பக்கம் இருந்தால், மாத்திரையை எப்போது எப்படி வைப்பது, எந்த அறிகுறிக்குத் திரும்பி வருவது என்பதை அந்தப் பெண் எவரையும் நம்பியிராமல் தானே படித்துக்கொள்வாள். மாமியாரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ மொழிபெயர்க்க அழைத்து வருவது நல்லதல்ல; சிறிய சமூகம், சொன்னது ஒரு வாரத்தில் கோயில் சமையலறை வரை வந்துவிடும். சிஸ்டரும் இதை அறிந்து, உடன் வந்தவரை முதலில் வெளியே நிறுத்திப் பெண்ணின் விருப்பத்தைச் சைகையாலாவது கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உள்ளே விடுகிறார். என்னையும் அப்படித்தான் நிறுத்தினார். அது மிகச் சரியான நடைமுறை.

2025-இல் வெளிநாட்டவர் என்று சந்தேகிக்கப்படுபவர்களிடம் அடையாள அட்டை கேட்டு அரசு மருத்துவமனை வாசல்களில் மறித்த குழுக்களால் நம் பெண்கள் மிகவும் பயந்திருந்தார்கள். அப்படிக் கேட்க எந்தத் தனியாருக்கும் அதிகாரமில்லை. கருக்கலைப்பு நிலையத்துக்குச் செல்பவரைத் தடுப்பது இந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி குற்றம். பத்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமிருக்கிறது. கடவுச்சீட்டும் விசாவும் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். காவலாளி பதிவுக்குக் கேட்டால் காட்டலாம்.

விளக்குக் கம்பங்களிலும் சுவர்களிலும் ‘வலியில்லாத, ஒரே நாளில்’ என்று ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளின் கைபேசி எண்களை எந்தக் காரணத்துக்காகவும் அழைக்க வேண்டாம். அவர்கள் விற்பது என்ன மாத்திரை, எவ்வளவு அளவு என்பது எவருக்கும் தெரியாது. இரத்தப்போக்கு நிற்காமல் அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் சிலர் அவர்களிடம் போய்விட்டு வருபவர்கள் என்று சிஸ்டர் வருத்தத்தோடு சொன்னார். அரசு மருத்துவமனையில் நாள் தள்ளிப்போகிறது என்றால், மேரி ஸ்டோப்ஸ் போன்ற அமைப்புகளின் நிலையங்களும், பயிற்சி பெற்ற தனியார் மருத்துவர்களும் கட்டணத்துக்கு இதே சிகிச்சையைச் சட்டப்படி தருகிறார்கள். வாரம் கடந்துவிடுமோ என்ற நிலையில் பணம் திரட்டியாவது அங்கே போவது நல்லது. பணம் திரட்ட முடியாதவளுக்குத்தான் அரசுச் சேவை வேண்டும் என்பதால், இதை ஒரு தீர்வாக என்னால் சொல்ல முடியவில்லை.

நாட்குறிப்பு முறையைப் பற்றி மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். பதில் வராவிட்டால் சுகாதாரத் தரக் கண்காணிப்பு அலுவலகத்துக்கும் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான சுகாதார ஆம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம் என்பதையும் அறிந்துகொண்டேன். அதற்குத் தேவை வரவில்லை. தர மேம்பாட்டு அலுவலர் தொலைபேசியில் பேசினார், பொறுமையாகக் கேட்டார். வழிகாட்டிப் பலகைக்கு நிதி வேண்டும் என்றார். நாட்குறிப்பைச் சரிசெய்வதற்குச் சிஸ்டர் எந்த நிதியையும் எதிர்பார்க்கவில்லை: பெயருக்குப் பக்கத்தில் வாரத்தை எழுதத் தனியாக ஒரு கட்டம் வரைந்து, பத்து வாரம் தாண்டியவர்களை வரிசையில் முன்னால் அழைக்கத் தொடங்கியிருக்கிறார். அண்மையில் ஒரு பெண்ணோடு போனபோது, அவருக்கு அதே வாரத்திலேயே நாள் கிடைத்தது. கணவரைப் பற்றிய கேள்வி மட்டும் பதிவு மேசையில் இன்னும் கேட்கப்படுகிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதைப் போகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.